உடைந்த கணிப்பொறியில் உறங்கும் கோப்புகள்

அந்தமான் நிக்கோபார் தீவுகளின் தலைநகரம் நெடுங்காலம் போர்ட் பிளேர் என்று வழங்கிற்று. 2024-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்னும் பெயர் சூட்டப்பெற்றது. அந்நகரின் ஒரு பகுதி டெலானிபூர். கடற்படையினரின் சமுத்ரிகா அருங்காட்சியகத்தைக் காணச் செல்வோர் இவ்விடத்தை அறிவர். அங்குள்ள ஒரு வீட்டில், மழைக்கால மாலைப்பொழுதொன்றில், மின்சாரம் தடைப்பட்டு மீண்டும் வந்தபின் கணிப்பொறி விழித்தெழ மறுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதனுள் இருப்பவை காலஞ்சென்ற தந்தையாரின் புகைப்படங்கள். மகள் பாதி எழுதி முடித்த பட்ட ஆராய்ச்சிக் கட்டுரை. கடையின் மூன்றாண்டுக் கணக்கு. இவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. வீட்டினர் செய்யும் முதற்காரியம், கணிப்பொறி பற்றி அறிந்த நண்பர் ஒருவரை அழைப்பதேயாகும்.

அந்நண்பர் வந்து அமர்ந்த முதல் அரைமணி நேரமே பெரும்பாலும் அக்கோப்புகளின் கதியை நிர்ணயித்துவிடுகிறது. கெட்டுப்போன கருவி கோப்புகளை அழிப்பதைக் காட்டிலும், அதனைச் செப்பனிட எடுத்துக்கொள்ளும் அவசர முயற்சி அவற்றை அழிப்பதே அதிகம். இது வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் செய்திகள் தட்டில் எவ்வாறு எழுதப்படுகின்றன என்பதை அறிந்தவர்க்கு இதில் வியப்பொன்றுமில்லை.

பிரதி எடுத்து வைக்காதது வீட்டினரின் அசட்டை எனக் கூறிவிடுதல் எளிது. தீவுகளின் நிலைமையை உணர்ந்தோர் அவ்வாறு கூறத் தயங்குவர். சென்னைக்கும் இத்தீவுகளுக்கும் இடையே கடலடியில் ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள ஒளியிழைக் கம்பி இடப்பட்டு, 2020-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் அது திறந்துவைக்கப்பெற்றது. அதற்கு முன் வெளியுலகத் தொடர்பு முழுவதும் செயற்கைக்கோள் வழியாகவே நடைபெற்றது. அவ்வழியின் கொள்திறன் குறைவு, கட்டணமோ அதிகம். நிலப்பகுதியில் வாழ்வோர் தம் புகைப்படங்களைத் தொலைவிலுள்ள சேமிப்பு நிலையங்களுக்குத் தாமாகவே சென்று சேருமாறு விட்டுவைத்திருந்த அந்த ஆண்டுகளில், தீவினர்க்கு வீட்டிலிருந்த ஒரே தட்டுதான் பெட்டகம். 2020-க்கு முற்பட்ட குடும்பப் படங்களும் கணக்குகளும் இன்றும் பல வீடுகளில் அந்தப் பழைய தட்டுகளிலேயே தங்கியிருத்தல் இயல்பு. ஆவணங்கள் இல்லாமற் போவது எத்தகையது என்பதையும் இத்தீவுகள் அறியும். 1942 மார்ச் முதல் 1945 அக்டோபர் வரை நீடித்த ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தைப் பற்றிய அலுவலகப் பதிவுகளில் மிகச் சிலவே எஞ்சின.

கெட்டது எது?

கணிப்பொறி இயங்கவில்லை என்றால் கோப்புகள் போய்விட்டன என்று பொருளன்று. மின்வழங்கும் பகுதி எரிந்திருக்கலாம், தாய்ப்பலகை பழுதுற்றிருக்கலாம், திரை மட்டுமே கெட்டிருக்கலாம். ஆண்டில் ஏறத்தாழ 3,000 மில்லிமீட்டர் மழை பெய்வதும், உப்புக் கலந்த காற்று இடைவிடாது வீசுவதுமான இடத்தில் செம்புத் தடங்களும் இணைப்பு முனைகளும் பச்சை பூத்து அரிபடுதல் சாதாரண நிகழ்ச்சியாகும். இவற்றுள் எது நேர்ந்திருப்பினும், ஹார்ட் டிஸ்க் எனக் கடைத்தெருவில் வழங்கும் வன்தட்டு நலமாகவே இருக்கக்கூடும். அதனைக் கழற்றி, சில நூறு ரூபாய் விலையுள்ள இணைப்பான் ஒன்றின் வழியே மற்றொரு கணிப்பொறியுடன் பொருத்தினால் கோப்புகள் கண்ணுக்குப் புலப்படும்.

புலப்பட்டாலும் திறக்க மறுப்பதுண்டு. அனுமதி இல்லை என்னும் அறிவிப்பு தோன்றும். இதனைக் கண்டு தட்டு கெட்டுவிட்டது எனக் கருதுவோர் பலர். உண்மையில் விண்டோஸ் அமைப்பு ஒவ்வொரு கோப்புக்கும் உரிமையாளர் ஒருவரைக் குறித்து வைக்கிறது. பழைய கணிப்பொறியின் உரிமையாளரைப் புதிய கணிப்பொறி அறியாததால் வாயிற்காவலன்போல் தடுக்கிறது. பூட்டு கதவில் மட்டுமே உள்ளது. உள்ளேயுள்ள பொருளுக்கு ஊறு இல்லை. நிர்வாகி என்னும் நிலையில் உரிமையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் அங்ஙனம் மாற்றுவதும் தட்டின்மேல் எழுதும் செயலே. பென் டிரைவிலிருந்து லினக்ஸ் அமைப்பை இயக்கி, தட்டைப் படிப்பதற்கு மட்டும் திறந்து, கோப்புகளை வேறிடத்துக்கு எடுத்துக்கொள்ளுதல் இதனினும் பத்திரமான வழி.

வேறொரு அறிவிப்பும் வரக்கூடும். இத்தட்டைப் பயன்படுத்துமுன் ஃபார்மட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று கணிப்பொறி பணிவுடன் வினவும். எத்தனையோ வீடுகளில் படங்கள் அழிந்தது இப்பணிவான வினாவுக்கு ஆம் என்று விடை கூறியதனால்தான். தட்டைச் சரிபார்த்துத் திருத்தட்டுமா என்னும் வினாவும் இதற்கு இளைத்ததன்று. திருத்துதல் என்பது, அடுக்கு குலைந்த பட்டியலைக் கணிப்பொறி தன் மனம்போல் மாற்றி எழுதுதலாகும். பட்டியல் ஒழுங்குபெறும், கோப்புகள் சிதறுண்டு போகலாம்.

தட்டும் ஊசியும்

சுழலும் தட்டில் செய்தியைப் பதிந்து வைக்கும் முறை 1956-ஆம் ஆண்டு செப்டம்பரில் ஐ.பி.எம். நிறுவனத்தாரால் வெளியிடப்பட்டது. இருபத்துநான்கு அங்குல விட்டமுள்ள ஐம்பது தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்த அச்சாதனம் ஏறத்தாழ ஒரு டன் எடையுள்ளதாயிருந்தது. அது தாங்கிய செய்தியோ ஐம்பது லட்சம் எழுத்துக்களே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு புகைப்படம் பல சமயங்களில் அந்த அளவை நிரப்பிவிடும். அதே காலத்தை ஒட்டிக் கல்கத்தாவிலுள்ள இந்தியப் புள்ளியியல் கழகத்தில் நிறுவப்பெற்ற நம் நாட்டின் முதற் கணிப்பொறியில் தட்டுக்கும் முந்திய சாதனமான காந்த உருளையே நினைவகமாக இருந்தது.

அடிப்படைத் தத்துவம் அன்று போலவே இன்றும் காந்தமே. தட்டின்மேல் மெல்லிய காந்தப் பூச்சு உண்டு. அதன் நுண்பகுதிகள் ஒரு திசையிலோ எதிர்த் திசையிலோ காந்தமேற்றப்படுகின்றன. அவையே ஒன்றும் பூஜ்யமும் ஆகும். தட்டு நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழல, படிக்கும் தலை அதனைத் தொடாமல் மேலே மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர். தலைமயிர் ஒன்றின் பருமன் அதைப்போல் பல்லாயிரம் மடங்கு. மேசைக் கணிப்பொறித் தட்டின் விளிம்பு மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் தலையின்கீழ் ஓடுகிறது. அந்த வேகத்தில் ஒரு புகைத்துகள் இடையில் அகப்பட்டாலும் அது பாறாங்கல்லுக்கு ஒப்பாகும். தட்டைத் திருகு கழற்றித் திறந்து பார்த்தால் என்ன என்னும் ஆவலை அடக்க வேண்டியது இதனாலேயே. பழுதுபார்க்கும் நிபுணர்கள் தூசி வடிகட்டப்பட்ட தனி அறையில் மட்டுமே அதனைத் திறக்கின்றனர்.

ஆகவே நண்பர் தம் கண்களுக்கு முன் காதைப் பயன்படுத்துதல் நலம். தட்டு வழக்கம்போல் மெல்ல இரைந்து சுழலுமாயின் நம்பிக்கைக்கு இடமுண்டு. ஒழுங்கான இடைவெளியில் டக், டக் என ஒலித்தால், தலை தன் தடத்தைக் காணாது மீண்டும் மீண்டும் முயல்கிறது என்று அறியலாம். தலை உடைந்து பூச்சைச் சுரண்டிக்கொண்டிருக்கவும் கூடும். அப்பொழுது ஒவ்வொரு விநாடியும் படங்கள் பொடியாக உதிர்கின்றன எனக் கொண்டு, உடனே மின்சாரத்தை நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு முறை போட்டுப் பார்ப்போம் என்னும் சபலம்தான் இங்கே பெரும் பகைவன்.

முதலில் பிரதி

தட்டு சுழல்கிறது, ஆயின் சில இடங்களைப் படிக்க முடியவில்லை என்னும் நிலையே மிகுதியாகக் காணப்படுவது. இத்தகைய தட்டிலிருந்து வேண்டிய கோப்பைத் தேடித் தேடி எடுக்க முற்படுவது தவறு. தலை அங்குமிங்கும் அலைந்து, இருக்கும் சிறிது ஆயுளையும் இழக்கும். தட்டு முழுவதையும், அதில் என்ன இருக்கிறது என்று பாராமலே, முதற் கட்டத்திலிருந்து இறுதிக் கட்டம் வரை மற்றொரு நல்ல தட்டுக்குப் படியெடுத்துக்கொள்ள வேண்டும். பின்னர் செய்யும் ஆராய்ச்சியெல்லாம் அப்படியின்மேல்தான்.

இதற்கென ஆன்டோனியோ டியாஸ் என்பவர் ஆக்கி இலவசமாக வழங்கியுள்ள டிடிரெஸ்கியூ என்னும் நிரலின் போக்கு படிப்பினை மிக்கது. சாதாரண நிரல் படிக்க முடியாத கட்டத்தை அடைந்ததும் அங்கேயே நின்று பிடிவாதமாக முயலும். இந்நிரலோ அவ்விடத்தைக் குறித்துக்கொண்டு தாண்டிச் சென்றுவிடுகிறது. எளிதில் கிடைப்பவை யாவும் கைக்கு வந்தபின்னரே கடினமான இடங்களுக்குத் திரும்புகிறது. ஓரங்களிலிருந்து சிறிது சிறிதாக உள்நோக்கி அரிக்கிறது. எவ்வெவ் விடங்கள் படிக்கப்பட்டன என்பதைத் தனிக் கோப்பில் பதிந்து வைப்பதால், மின்தடை ஏற்பட்டு நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பெரும்பகுதி டீசல் எந்திரங்களால் மின்சாரம் பெறும் தீவில் இது சிறிய வசதியன்று. பழுதுற்ற பெரிய தட்டொன்றைப் படியெடுக்க நாட்கணக்கில் ஆகலாம். பொறுமையே இங்கு வேண்டப்படும் முதன்மையான கருவி.

படிக்க முடியாத இடம் என்பதற்கும் ஒரு விளக்கம் தேவை. ஒவ்வொரு கட்டத்தின் முடிவிலும் செய்தியுடன் சில உபரி இலக்கங்களைத் தட்டு எழுதி வைக்கிறது. அவற்றைக் கொண்டு சிறு பிழைகளைக் கணக்கிட்டுத் தானே திருத்திக்கொள்கிறது. 1950-இல் ஹாமிங் என்னும் அமெரிக்கக் கணித அறிஞர் வெளியிட்ட கருத்தும், 1960-இல் ரீட், சாலமன் என்னும் இருவர் வகுத்த முறையும் இதற்கு அடித்தளங்கள். நலமான தட்டும் இடைவிடாது இவ்வாறு திருத்திக்கொண்டே இயங்குகிறது. திருத்தும் வரம்பைப் பிழை மீறும்போதுதான் தட்டு கைவிரிக்கிறது.

பட்டியல் சிதைந்து கோப்புகளின் பெயர்களே காணப்படாவிடில் என் செய்வது? கோப்பு ஒன்றை நீக்கும்போது பொதுவாக அதன் பெயர் பட்டியலிலிருந்து அடிக்கப்பட்டு, அதன் இடம் காலியென்று குறிக்கப்படுகிறது; செய்தி அங்கேயே கிடக்கிறது. நூலகத்தின் அட்டைப் பெட்டி எரிந்தாலும் நூல்கள் அலமாரியில் இருப்பதைப் போன்றது இது. ஒவ்வொரு நூலாக எடுத்து முதற்பக்கத்தைப் பார்த்து இன்னதென்று அறியலாமன்றோ? ஜேபெக் முறைப் புகைப்படம் எப்பொழுதும் 255, 216, 255 என்னும் மூன்று எண்களுடன் தொடங்கி 255, 217 என்பதுடன் முடிகிறது. பி.டி.எஃப். ஆவணத்துக்கும் இத்தகைய முகவரிசை உண்டு. போட்டோரெக் போன்ற நிரல்கள் தட்டின் படியை முழுதும் துழாவி இவ்வடையாளங்களைப் பற்றிக் கோப்புகளை வெட்டி எடுக்கின்றன. பெயரும் உறைகளின் அடுக்கும் போய்விடும். தந்தையாரின் முகம் திரும்பக் கிடைக்கும். ஒரே கோப்பு பல துண்டுகளாகப் பிரிந்து கிடப்பின் மேற்பாதி ஒரு திருமணமும் கீழ்ப்பாதி ஒரு கடற்கரையுமாகப் படம் வருவதும் உண்டு.

ஆனால் காலி என்று குறிக்கப்பட்ட இடத்தில் புதிதாக ஏதேனும் எழுதப்பட்டுவிட்டால் பழையது மீளாது. மேலெழுதியதன் அடியிலிருந்து பழையதைப் படிக்கலாமோ என்னும் ஐயம் 1996-இல் பீட்டர் கட்மன் என்பவரின் ஆராய்ச்சிக் கட்டுரைக்குப் பின் பரவலாக எழுந்தது. இன்றைய தட்டுகளின் செறிவில் ஒருமுறை மேலெழுதினாலே மீட்க வழியில்லை என்பதே நடைமுறை. மீட்கும் நிரலை இணையத்திலிருந்து இறக்கி, மீட்க வேண்டிய அதே தட்டில் நிறுவும் நண்பர், தேட வந்த பொருளின்மேல் தாமே கல்லறை கட்டுகிறார்.

வானிலிருந்து விழுந்த தட்டு

தட்டின் உறுதிக்கு ஒரு சான்று உலகறிந்தது. 2003-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள், பதினாறு நாள் பயணத்தை முடித்துப் பூமிக்குத் திரும்புகையில் கொலம்பியா விண்ணோடம் அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்துக்கு மேலே சிதறுண்டது. அரியானாவிலுள்ள கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் உயிரிழந்தனர். அவ்வோடத்தில் செனான் வாயு பற்றிய சோதனை ஒன்று நடைபெற்றிருந்தது. சுமார் 17 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில், வாயுவும் திரவமும் வேறுபாடின்றிக் கலக்கும் எல்லை நிலையில், அதன் பிசுக்குத்தன்மையை அளப்பதே நோக்கம். பூமியில் செனான் தன் எடையாலேயே அமுங்கிவிடுவதால் இவ்வளவீடு அங்கு இயலாது. முடிவுகளில் ஒரு பகுதி வானொலி வழியே முன்பே வந்திருந்தது; எஞ்சியவை 400 மெகாபைட் கொள்ளும் வன்தட்டு ஒன்றில் இருந்தன.

ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப்பின், வறண்ட ஏரிப்படுகை ஒன்றில் அத்தட்டு கண்டெடுக்கப்பட்டது. மின்சுற்றுகள் கருகியிருந்தன; விளிம்புக் காப்பு உருகி உள்ளே மண் புகுந்திருந்தது. பார்வைக்கு அது உருக்குலைந்த உலோகக் கட்டி. மினசோட்டா மாநிலத்துக் கிரோல் ஆன்ட்ராக் நிறுவனத்தார் தட்டுகளை எடுத்து, இரசாயனக் கரைசலால் கழுவி, புதிய உறையிற் பொருத்திப் படித்தனர். நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு செய்தி மீண்டது! தட்டில் ஏறத்தாழ பாதியே நிரம்பியிருந்ததும், குழி விழுந்த இடங்கள் எழுதப்படாத பகுதியில் அமைந்ததும், பழைய டாஸ் அமைப்பு செய்திகளைச் சிதறாமல் ஓரிடத்தே எழுதியிருந்ததும் நற்பேறு. அதே ஓடத்திலிருந்து கிடைத்த வேறிரு தட்டுகளிலிருந்து ஒன்றும் பெற இயலவில்லை. மீட்ட செய்தியைக் கொண்டு, கலக்கும்போது செனானின் பிசுக்குத்தன்மை குறைகிறது என்னும் முடிவை ராபர்ட் பெர்க் முதலிய விஞ்ஞானிகள் 2008 ஏப்ரலில் வெளியிட்டனர். இதில் கவனிக்கத்தக்கது, அத்தட்டைக் கண்டெடுத்தவர் எவரும் அதற்கு மின்சாரம் கொடுத்துப் பார்க்கவில்லை என்பதாகும்.

டெலானிபூருக்கு மீள்வோம். தீவுகளில் நெருப்பைவிட நீரே அச்சம். கடல்நீரோ வெள்ளமோ புகுந்த தட்டை வெயிலில் உலர்த்துதல், அரிசியில் புதைத்தல் ஆகியவை தவறான வைத்தியங்கள். நீர் உலர்ந்தால் உப்பும் சேறும் தட்டின் முகத்தில் படிந்து இறுகும். ஈரப் பஞ்சுடன் காற்றுப் புகாத பையிலிட்டு, ஈரம் உலருமுன் நிபுணரிடம் சேர்ப்பிப்பதே முறை. குளிர்ப்பெட்டியில் வைத்தெடுத்தால் தட்டு உயிர்பெறும் என்னும் வதந்தியும் நெடுநாளாக உலவுகிறது. பெரும்பாலான தட்டுகளில் காற்றழுத்தத்தைச் சமன் செய்யச் சிறு துளை ஒன்று உண்டு. குளிர்ந்த தட்டை அந்தமானின் ஈரக்காற்றில் எடுத்தவுடன் உள்ளும் புறமும் நீர்த்துளி கோக்கும். பிறகு நிபுணருக்கும் வேலையிராது.

புதிய கணிப்பொறிகளின் நிலை வேறு. அவற்றில் சுழலும் தட்டுக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. எனப்படும் அசையா நினைவகம் அமைந்துள்ளது. மின்னேற்றத்தை நுண்ணறைகளில் சிறைப்படுத்தி வைக்கும் இது அதிர்ச்சியைத் தாங்கும், விரைந்து இயங்கும். ஆயினும் ஒரு கோப்பு நீக்கப்பட்டதும் அந்த அறைகளை வெறுமையாக்குமாறு கணிப்பொறி ஆணையிடுகிறது. நினைவகம் ஓய்வு நேரத்தில் தானே அவற்றைத் துடைத்துவிடுகிறது. பழைய தட்டைப்போல் நீக்கப்பட்டது அங்கேயே கிடக்கும் என்று நம்புதற்கில்லை. மேலும், பல மடிக்கணிப்பொறிகளில் செய்தி முழுவதும் மறைகுறியீடாகவே எழுதப்படுகிறது. விண்டோஸ் அமைப்பின் பிட்லாக்கர் பூட்டைத் திறக்க 48 இலக்கங்கள் கொண்ட மீட்பு எண் வேண்டும். அது பல சமயங்களில் உரிமையாளரின் மைக்ரோசாஃப்ட் கணக்கிலேயே பதிவாகியிருக்கும்; அவருக்கே அது தெரியாதிருக்கும். அங்கும் இல்லையேல், நினைவகம் முழு நலத்துடன் இருந்தும் ஒரு படத்தையும் காண இயலாது. இவ்வகையில் தொழில்நுட்பத்தின் முன்னேற்றம் மறதியுடையோர்க்குக் கருணை காட்டவில்லை எனலாம்.

நண்பரின் கையில் வருவது தட்டு மட்டுமன்று. ஒரு குடும்பத்தின் கடிதங்களும் வங்கிக் கணக்குகளும் அந்தரங்கப் படங்களும் சேர்ந்தே வருகின்றன. தடயவியல் கூடங்களில், தட்டின்மேல் எதுவும் எழுத முடியாதபடி தடுக்கும் கருவியை இடையிலே பொருத்தி, படியெடுத்து, மூலத்துக்கும் படிக்கும் ஒரே சுருக்க எண் வருகிறதா என ஒப்பிடுவர். 2024 ஜூலை முதல் நடைமுறையிலுள்ள புதிய சாட்சியச் சட்டத்தின் சான்றிதழ்ப் படிவமும் இவ்வெண்ணைக் குறிக்குமாறு கேட்கிறது. வீட்டு மேசையில் அத்தனை கண்டிப்பு வேண்டியதில்லை. ஆயினும் உரிமையாளரை அருகில் அமர்த்திக்கொள்வதும், வேலை முடிந்தபின் தம்மிடமுள்ள படியை அவர் முன்னிலையிலேயே அழிப்பதும் நண்பர்க்கு அழகு.

டக் டக் என்று ஒலிக்கும் தட்டுக்கு உள்ளூரில் வழியில்லையெனில் அது நிலப்பகுதிக்கு அனுப்பப்பட வேண்டும். சென்னை ஏறத்தாழ 1,370 கிலோமீட்டர் தொலைவு. கப்பலில் மூன்று நாட்கள், விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம். நிலைமின் தடுப்பு உறையில் தட்டை இட்டு, ஈரமுறிஞ்சும் மணிகள் கொண்ட சிறு பொட்டலத்துடன் மூடி, எல்லாப் பக்கமும் இரண்டு அங்குலப் பஞ்சு அணை கொடுத்து, தட்டைப்போல் இருமடங்கு பெரிய பெட்டியில் வைத்தல் வேண்டும். நீரில் நனைந்த தட்டாயின் மணிகளுக்குப் பதில் ஈரப் பஞ்சு. பெட்டிக்குள் ஒரு தாளில், தட்டு எப்பொழுது நின்றது, எத்தகைய ஒலி கேட்டது, அதன்பின் எத்தனை முறை மின்சாரம் கொடுக்கப்பட்டது, கோப்புகளில் முதலில் வேண்டுவது எது என்பவற்றை ஒளிக்காமல் எழுதிவைக்க வேண்டும். நிபுணர் பெட்டியைப் பிரித்ததும் தட்டைத் தொடுமுன் படிப்பது அந்தத் தாளைத்தான்.